மேரு வீட்டு நாடகம்

பிரிக்பீல்ட்ஸ்,
11 ஜூன் 1984

அன்புள்ள வள்ளி,

இங்கு எல்லாரும் நலம். நீயும் தம்புசாமியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தம்புசாமிக்கு இன்னமும் ஜொகூர் பக்கம்தான் லோரி ஓட்டமா?

உன் மே மாத அறிக்கை வந்து சேரவில்லை. தபாலில் தொலைந்ததா, நீ எழுதவே இல்லையா? கமிட்டியில் எல்லாரும் கேட்டு வாங்கிப் படிப்பது மேரு வட்டார அறிக்கையைத்தான். அதனால்தான் கேட்கிறேன்.

நம் சங்கத்தின் குடும்பத் தொண்டர் பயிற்சிக் கூட்டம் இந்த வருஷமும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான். மூன்று நாள், அதே மண்டபம். டெங்கில், சாலாக் செலாத்தான், காப்பார் என்று எல்லா வட்டாரத்திலிருந்தும் வருகிறார்கள். பாதிப் பேர் புதியவர்கள். ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றித் தாய் தகப்பனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள். இரண்டாம் நாள் காலையை நீ நடத்தித் தர வேண்டும்.

அன்று போன வருஷ நாடகத்தையே மறுபடி போடலாம் என்கிறார் தலைவர். நீ குழுவில் சொன்ன மேரு குடும்பத்தை வைத்து நான் எழுதினேனே, அதுதான். அப்பாவாக மறுபடி நம் ஆபீஸ் விஜயன். ஒத்திகைக்கு முன்பே மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான். வெளியிலிருந்தும் சிலர் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நம் முறையை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு போகலாம்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
தெய்வானை


கிள்ளான்,
18 ஜூன் 1984

அக்காவுக்கு,

அறிக்கை தபாலில் தொலையவில்லை. நான் எழுதவில்லை. கூட்டத்துக்கும் வர மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் காப்பாரில் ஒரு கல்யாணம். நம் நாடகக் குடும்பம், அதாவது இராஜம்மாவும் அவள் வீட்டுக்காரர் நாகையாவும், அதற்குப் போயிருக்கிறார்கள். நாகையா மரப் பட்டறையில் வேலை செய்தபோது ரம்பத்தில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். வெளியே வந்தால் அந்தக் கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாப்பிடும்போதும் இடது கை பையில்தான் இருக்கும்.

பந்தியில் அவருக்கு எதிரே நம் காப்பார் தொண்டர் தங்கமணி உட்கார்ந்திருக்கிறாள். ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாது. "மேருவா அண்ணே? எங்க ட்ரெய்னிங்ல மேரு குடும்பம் ஒண்ண நாடகமா போட்டாங்க. அந்த அப்பாவுக்கு ரெண்டு விரல் இருக்காது. குடிச்சிட்டு வந்து பெஞ்சில இருந்து உருண்டு விழுவாரு பாருங்க, எங்களுக்குச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பாயசம் பரிமாற வந்தவர்கள் இலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்ல, நாகையா பையிலிருந்து கையை எடுத்திருக்கிறார். பந்தியே அந்தக் கையைப் பார்த்தது.

நாகையா குடிக்க மாட்டார் அக்கா. ஒரு நாளும் குடித்ததில்லை. குடிப்பார் என்று நான் உங்களிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் நான் போனபோது இராஜம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினாள். "இனிமே வராதீங்க டீச்சர். நீங்க வந்துட்டுப் போனா எங்க வீட்டு விஷயம் ஊர் பூரா போவுது" என்றாள். உள்ளேயிருந்து நாகையாவின் குரல் கேட்டது. "பெரியவளயும் இனி ஸ்கூலுக்கு அனுப்பல. படிச்சு என்ன செய்யப் போறா? நாலு பேரு வீட்டுக் கதைய நாடகம் போடவா?"

பெரியவள் காமாட்சி. தாய் கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறாள், தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை என்று முன்பு படிப்பை நிறுத்தியிருந்த பெண். நான் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்து மறுபடி பள்ளிக்கூடம் போக வைத்தேன். அந்தச் சாதனையைத்தானே நாடகமாகப் போட்டோம்? இப்போது பாரம் த்ரீ வகுப்பு. அக்டோபரில் எஸ்.ஆர்.பி. பரீட்சை. பெண் வீட்டில் இருக்கிறது.

நாடகத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளியம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
25 ஜூன் 1984

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் மனதைக் கஷ்டப்படுத்தியது. ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் போட்டிருப்பது நியாயமில்லை.

நாடகத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை. மேரு என்ற சொல்லை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. விரல் விஷயம் நான் எழுதியதே அல்ல. நீ குழுவில் சொன்னதைக் கேட்டு விஜயன் தானாகச் சேர்த்துக்கொண்டான். குடியை மட்டும் நான் எழுதினேன். நம் தொண்டர்கள் போகிற எத்தனையோ வீடுகளில் அதுதான் தலைவலி. பயிற்சிக்கென்று போடுகிற நாடகம் பல வீடுகளுக்குப் பொருந்த வேண்டும் அல்லவா? ஒரு வீட்டை அப்படியே தூக்கி மேடையில் வைத்திருந்தால் அதுதான் பெரிய தவறாகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீயும் அந்த மண்டபத்தில் இருந்தாய், முன் வரிசையில். விஜயன் உருண்டு விழுந்தபோது நீயும் சிரித்தாய். முடிந்த பிறகு என்னிடம் வந்து "நல்லா இருந்துச்சுக்கா" என்றாய்.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். கொஞ்ச நாளைக்கு நீ அங்கே போக வேண்டாம். வேறொரு தொண்டரை அனுப்புகிறேன். சங்கத்தின் பெயரில் வருத்தம் தெரிவித்து முறையாக ஒரு கடிதமும் எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பி வைக்கிறேன். கூட்டத்துக்கு நீ வராமலிருந்தால் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? கோபத்தில் முடிவெடுக்காதே.

தெய்வானை


கிள்ளான்,
2 ஜூலை 1984

மதிப்பிற்குரிய பயிற்சி அதிகாரி அவர்களுக்கு,

ஆமாம், சிரித்தேன். நீங்கள் எழுதித்தான் அது எனக்கு நினைவு வர வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு நாகையாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். அது என் தப்பு. அதைக் காட்டி உங்கள் தப்பைச் சின்னதாக்கப் பார்க்காதீர்கள்.

வேறு தொண்டரை அனுப்ப வேண்டாம். அந்த வீடு என்ன பஸ்ஸா, ஒருத்தர் இறங்கியதும் இன்னொருத்தர் ஏறி உட்கார?

சங்கத்தின் கடிதமும் வேண்டாம். அது புறம்போக்கு நிலத்துக் கம்பம், அனுமதியில்லாமல் எழும்பிய குடியிருப்பு. முத்திரை குத்திய கவர் வந்தாலே வீட்டை உடைக்கப் போகிறார்கள், நோட்டீஸ் வந்துவிட்டது என்று பயப்படுகிற ஜனங்கள். கவரைப் பிரிப்பதற்குள் இராஜம்மாவுக்கு உயிர் போய்விடும்.

சனிக்கிழமை அவளைப் பாசாரில் கீரைக் கடையில் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கீரைக் கட்டைப் புரட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"டீச்சர், அந்த நாடகத்துல நான் என்ன செஞ்சேன்?"

"பேசினீங்க. உங்க கஷ்டத்தச் சொன்னீங்க."

"அப்புறம்?"

"கொஞ்சம் அழுதீங்க."

கீரையை வைத்துவிட்டாள். "உங்க முன்னாடி நான் என்னைக்காச்சும் அழுதிருக்கேனா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. முதல் நாள் நான் போனபோது, "உக்காருங்க, சோறு வடிச்சிட்டு வரேன்" என்று சொன்னவள். அவளுக்கு அழுகிற பெண்ணின் வேஷம் கொடுத்தோம். தொண்டர் வந்து கண்ணீரைத் துடைப்பதாகக் காட்டினோம். கைதட்டல் வாங்கியது அந்த இடத்துக்குத்தான்.

நான் ஆகஸ்ட் மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். இந்தக் கடிதத்தையே அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
த. வள்ளியம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
16 ஜூலை 1984

அன்புள்ள வள்ளி,

சனிக்கிழமை நான் மேருவுக்குப் போய் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீயும் கூட வருவாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன் என்று தோன்றியது.

கிள்ளானில் பஸ் மாறி, கம்பத்துக் கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நாகையா வாசல் படியில் உட்கார்ந்து சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். விரல் இல்லாத கையின் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பின்னலை அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தும் கையை மறைக்கவில்லை.

"யாரு வேணும்?"

"பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து வரேன். அந்த நாடகத்த எழுதினவ நான்தான்."

அவர் எழுந்திருக்கவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"என்னை இதுக்கு முன்ன பாத்திருக்கீங்களா?"

"இல்லங்க."

"அப்ப நான் குடிப்பேன்னு எப்படித் தெரிஞ்சது?"

நான் உனக்கு எழுதிய அதே பதிலை அவரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். பயிற்சி நாடகம், பல வீடுகளுக்குப் பொருந்த வேண்டும், உங்களைக் குறிப்பாக வைத்து எழுதவில்லை, பொதுவாக எழுதியது என்றெல்லாம்.

"பொதுவா உள்ளவனுக்கு ரெண்டு வெரலு இருக்காதா?" என்று கேட்டார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த இராஜம்மா எங்கள் பேச்சில் எழுந்து வந்துவிட்டார். காமாட்சி தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டு வந்தாள். கிளாசை என் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள்.

"எத்தன பேரு இருந்தாங்க அந்த மண்டபத்துல?" என்றார் இராஜம்மா.

"நாப்பது பேரு இருக்கும்."

"அந்த நாப்பது பேருகிட்டயும் போய்ச் சொல்லுங்க" என்றார் நாகையா. "இங்க வந்து என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நான் குடிக்கிறதில்லன்னு எனக்குத் தெரியாதா?"

பெண்ணின் படிப்பைப் பற்றி வாயெடுத்தேன். "அதப் பத்தி நீங்க பேசாதீங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். வெளியாட்கள் வருகிற கூட்டம். தலைவரின் சம்மதம் இல்லாமல் நான் மேடையில் அப்படிப் பேச முடியுமா என்று தெரியவில்லை. செய்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

தெய்வானை


கிள்ளான்,
23 ஜூலை 1984

அன்புள்ள அக்கா,

என்னிடம் சொல்லாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அது என் வட்டாரம். நாளைக்கு அந்தக் கம்பத்தில் நடக்கப் போகிறவள் நான். இதைச் சொல்லாமல் விட்டால் மனதுக்குள்ளேயே இருக்கும், அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் வந்து போன மறுநாள் இராஜம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனேன். கதவு திறந்திருந்தது, ஆனால் யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே பேசினோம். நாகையா உங்களைப் பற்றிச் சொன்னார். "பயந்துகிட்டேதான் இருந்தாங்க லா. ஆனா பாதியில எந்திரிச்சுப் போகல." அவர் வாயிலிருந்து ஒருவருக்கு இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் வராது.

நீங்கள் மண்டபத்தில் சொல்வதாக இருந்தால் நேரில் வந்து கேட்பாராம். இராஜம்மாவும் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு ஷிப்ட் இல்லை. சின்னதுகளை யார் பார்ப்பது என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆக நான் கூட்டத்துக்கு வரப்போவதில்லை என்பது உறுதி. காரணம்தான் வேறு.

காமாட்சியிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். அப்பா அனுப்பினாலும் இனி பள்ளிக்கூடம் போக மாட்டாளாம். கூடப் படிக்கிற ஒருத்தி, எல்லார் முன்னாலும், "உங்கப்பா குடிகாரராமே?" என்று கேட்டிருக்கிறாள். நாகையாவுக்கு இது தெரியாது. அவரிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் தன் கோபத்தில் பெண்ணை நிறுத்தினார் என்று நினைத்திருந்தேன். அவளும் தகப்பனுக்காக நின்றிருக்கிறாள்.

முடியும், முடியாது, எதுவானாலும் சீக்கிரம் எழுதுங்கள். அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

வள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
6 ஆகஸ்ட் 1984

அன்புள்ள வள்ளி,

தலைவர் ராமசுப்பிரமணியன் அவர்களிடம் பேசிவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும். இந்தச் சங்கத்தைத் தன் வீட்டு முன்னறையில் ஆரம்பித்தவர். ஆனால் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"வெளியாளுங்க வர்ற அன்னைக்கு நம்ம தப்ப நாமே மைக்ல சொல்றதா? அப்புறம் எந்தத் தோட்டத்துல நம்மள உள்ள விடுவாங்க?" என்றார்.

"சொல்லாம மறைச்சா மட்டும் விடுவாங்களாண்ணே?" என்றேன்.

அவரை நான் அப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "நீங்க செய்யிறதுன்னு முடிவு பண்ணிட்டா நான் வந்து கைய பிடிச்சு இழுக்கப் போறதில்ல. ஆனா அடுத்த வருஷத்துலேர்ந்து பயிற்சிய வேற ஆளு பாத்துக்குவாங்க."

இந்தப் பயிற்சிப் பிரிவை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியவள் நான். கல்யாணம், குடும்பம் என்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருப்பது இதுதான். இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் மறைப்பானேன், தலைவர் பேச்சைக் கேட்டுவிடலாம் என்றும் ஒரு முறை முடிவெடுத்தேன். உனக்கு அப்படி எழுத உட்கார்ந்தபோது எழுத வரவில்லை.

ஞாயிறு காலை சொல்கிறேன். அவர்களைக் கூட்டி வர நமக்கு வழக்கமாக ஓட்டுகிற பாலனின் டாக்சியை அனுப்புகிறேன். மேடைக்குக் கூப்பிட மாட்டேன். பேசச் சொல்ல மாட்டேன். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், டாக்சி வாசலிலேயே நிற்கும். இதை அவர்களிடம் அப்படியே சொல்லிவிடு.

விஜயனிடம் சொன்னேன். அடுத்த நாள் மீசையை எடுத்துவிட்டு வந்தான்.

தெய்வானை


பிரிக்பீல்ட்ஸ்,
21 ஆகஸ்ட் 1984

அன்புள்ள வள்ளி,

நாகையாவும் இராஜம்மாவும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் பங்குக்கு எழுதுகிறேன்.

அவர்கள் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார்கள். நாகையா நீளக் கை வெள்ளைச் சட்டை, இடது கை கால்சட்டைப் பையில். காலையில் நாடகம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்ததால் எல்லாரும் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆவலாக இருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்த்துப் படிக்கவில்லை.

இந்த வருஷம் நாடகம் இல்லை என்றேன். போன வருஷம் காட்டியது உண்மையான ஒரு குடும்பம், அவர்களிடம் கேட்காமல் போட்டோம் என்றேன். அந்த அப்பா குடிப்பவர் அல்ல, அதை நான் இட்டுக்கட்டினேன், நீங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன் என்றேன். அந்த அம்மா அழவில்லை, அதையும் நாங்களே சேர்த்தோம் என்றேன். உங்களில் யாராவது வெளியே அந்தக் கதையைச் சொல்லியிருந்தால், சொன்ன இடத்துக்கே போய் அது பொய் என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

தங்கமணி முகத்தை மூடிக்கொண்டாள். விருந்தினர் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலைவர் மேடையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது விஜயன் எழுந்து, "நான்தான் அந்த விரலச் சேர்த்தது. அதை மேடம் எழுதல" என்றான்.

நான் மேடைக்குக் கூப்பிடவே இல்லை. நாகையா தானாக எழுந்தார். இருந்த இடத்திலேயே நின்று, பையிலிருந்து கையை எடுத்து முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அது நான்தான். நான் குடிக்கிறதில்ல" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கைதட்டுகிற விஷயமா அது?

தேநீர் இடைவேளையில் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இராஜம்மா கிளம்பவில்லை. புதுத் தொண்டர்கள் சிலர் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தன் குறையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், உன்னைப் பற்றியதுதான், கோபித்துக்கொள்ளாதே. "வள்ளி டீச்சரு நல்லவங்க. ஆனா எப்பப் பாத்தாலும் காலையில பத்து மணிக்கு வருவாங்க. நான் ஷிப்ட் முடிச்சு அப்பத்தான் கண்ண மூடியிருப்பேன். வந்தவங்கள போங்கன்னு சொல்ல முடியுமா? எந்திரிச்சு உக்காந்திருப்பேன்." அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. டெங்கில் பெண் ஒருத்தி, தன் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிகிற நேரம் எது என்பதே தெரியாமல் ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மத்தியான வகுப்பை ரத்து செய்துவிட்டு அதையே பேச விட்டேன். நான் எழுதி வைத்திருந்த எந்தப் பாடத்தையும் இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்டதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத முடியாது. விருந்தினர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் தலைவர் கூப்பிட்டு, வருஷக் கடைசி வரை இருக்கச் சொன்னார். ஜனவரியிலிருந்து பயிற்சிப் பிரிவு என்னிடம் இல்லை.

நீ நிற்கப் போவதாக எழுதியிருந்தாய். அதைத் தடுக்க எனக்கு வாயில்லை.

தெய்வானை


கிள்ளான்,
12 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்கா,

ஆகஸ்ட் முடிந்துவிட்டது. நான் நிற்கவில்லை. இப்போது சாயங்காலம் நாலு மணிக்குப் போகிறேன். இவ்வளவு நாள் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள், உங்கள் மண்டபத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் எனக்கு ரோஷம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்சியில் திரும்பி வந்த நாகையா நேரே வீட்டுக்குள் போனார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். இவ்வளவுதானா, இதற்கா அக்கா தன் வேலையைப் பணயம் வைத்தார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இராஜம்மாதான் காமாட்சியை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அப்பா எழுந்து நின்றதை, கையை வெளியே எடுத்ததை, அத்தனை பேர் முன்னால் பேசியதை. பெண் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் எழுந்து பின்பக்கம் போய், விறகு பிளக்கிற தகப்பனிடம் தன் வகுப்பில் ஒருத்தி கேட்டதைச் சொல்லிவிட்டாள். இவ்வளவு நாள் மறைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

மறுவாரம் பள்ளிக்கூடம் திறந்த அன்று நாகையா அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காமாட்சியுடன் போயிருக்கிறார். மலாய் அவருக்கு அரைகுறை. தலைமை ஆசிரியையிடம், தான் இவளுடைய அப்பா, நிறுத்தியது தன் தப்பு, இவள் தப்பில்லை என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் வகுப்பறைக்குள்ளும் போகலாமா என்று கேட்டாராம். அங்கே எதுவும் பேசவில்லையாம். எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். காமாட்சிக்கு வெட்கத்தில் உயிர் போனதாம். சொல்லும்போது சிரித்தாள்.

விட்டுப்போன பாடம் நிறைய இருக்கிறது. கணக்குதான் பயமாம். பக்கத்துத் தெரு லெட்சுமி இப்போது பாரம் பைவ், வந்து சொல்லிக் கொடுக்கிறாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நடந்திருக்கிறது, தேறித்தான் ஆக வேண்டும் என்று மனசு சொல்கிறது. அப்படியெல்லாம் கட்டாயம் ஒன்றும் இல்லையே.

உங்களைப் பயிற்சிப் பிரிவிலிருந்து எடுத்தது அநியாயம். கமிட்டிக்கு எழுதப் போகிறேன். தங்கமணியும் கையெழுத்துப் போடுகிறாள்.

வள்ளி


கிள்ளான்,
4 ஜனவரி 1985

அன்புள்ள அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன், தபால்காரர் வருகிற நேரம்.

முடிவு வந்துவிட்டது. காமாட்சி தேறிவிட்டாள். ரொம்பப் பிரமாதம் என்று சொல்ல முடியாது. கணக்கில் தவறிவிட்டாள், மலாயும் வரலாறும் தூக்கிவிட்டன. பாரம் போர் வகுப்புக்குப் போகிறாள். நாகையா ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கிக் கம்பம் முழுக்கக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "டீச்சர், இத வேணும்னா யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க" என்றார்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் எழுதிய கடிதத்துக்குக் கமிட்டி பதில் போடவில்லை. தலைவர் உங்களுக்கு ஆபீசில் ஒரு மேசை கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். என்ன வேலை? எழுதுங்கள்.

வள்ளி


சாலாக் செலாத்தான்,
21 ஜனவரி 1985

அன்புள்ள வள்ளி,

மேசை கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாலாக் செலாத்தான் தொண்டர் நின்றுவிட்டதால் அந்த வட்டாரத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தலைவர் நம்ப முடியாமல் பார்த்தார். "வெயில்ல அலையணுமே" என்றார். அவ்வளவுதான். இப்போது நீயும் நானும் ஒரே வேலை.

இங்கே ரயில்பாதையை ஒட்டிப் பலகை வீடுகள், நம் ஆட்களும் சீனர்களும் கலந்து இருக்கிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன், முதல் வாரம் முழுக்க ஒரு வீட்டிலும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பயிற்சியில் கரும்பலகையில் எழுதிப் போடுவேனே, முதலில் புன்னகை, பிறகு உங்கள் பெயர், பிறகு வந்த நோக்கம் என்று. அதையே ஒவ்வொரு வாசலிலும் செய்தேன். ஒரு பெண்மணி நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க ஏற்கெனவே இன்சூரன்ஸ் போட்டாச்சு ஆன்டி" என்றார். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய், சிரி.

நேற்று வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனேன். வீரம்மா என்று ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பில் கைக்குழந்தை, அழுது அழுது முகம் சிவந்து கிடந்தது. அடுப்பில் ஏதோ கருகுகிற வாடை. நான் புன்னகையோடு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"அக்கா, இவன கொஞ்சம் பிடிங்க. முந்தாநாள்லேர்ந்து குளிக்கல நான்" என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டாள்.

நான் யார், எங்கிருந்து வருகிறேன், ஒன்றும் தெரியாது அவளுக்கு. தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை என் சேலை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிறகு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. பிறகு சேலையை நனைத்துவிட்டது. நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஒரு ரயில் போனது. பிள்ளை விழிக்கவில்லை.

அவள் ஈரத் தலையோடு வந்தாள். வேறு ஆள் மாதிரி இருந்தாள். தூங்குகிற மகனைப் பார்த்து, என் சேலையைப் பார்த்து, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"நீங்க யாருக்கா?"

"தெய்வானை" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

"நாளைக்கும் வருவீங்களா?"

"எத்தன மணிக்கு வரட்டும்?" என்றேன்.

தெய்வானை